துக்க வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் நடுவே ஒரு காபி

பிளக்ஸ் கடையில் வேலை பார்ப்பவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே துக்க வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் மாறி மாறிப் போய்வருகிறவன். திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் எனக்கு அப்படி ஒரு நாற்காலி இருக்கிறது. காலையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர், அது முடிவதற்குள் காதணி விழா பேனர், நடுவில் மாதா கோயில் திருவிழா நோட்டீஸ், அது அச்சில் ஓடும்போதே கல்யாணப் பத்திரிகை. கம்ப்யூட்டரில் வடிவமைப்பது ஜெசிந்தா. மேட்டர் என்று நாங்கள் சொல்லும் வாசகத்தை எழுதுவதும், எந்தப் படம் எங்கே என்று குறிப்பதும், கடைசியில் 'ஓகே' சொல்வதும் நான். நான் ஓகே சொல்லிவிட்டால் அதன் பிறகு மெஷினை யாராலும் நிறுத்த முடியாது.

ஒரே மேசையில் நாலு வேலையைப் பார்க்கும் சகபாடிகளே, உங்களுக்கு இது தெரிந்திருக்கும். வேலை கஷ்டமில்லை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதுதான் கஷ்டம். முந்தின வேலை எழுந்து போன பிறகும் அதன் சூடு நாற்காலியில் இருக்கும். இரங்கல் வாசகம் எழுதிய கையோடு திருமண வாழ்த்து எழுத உட்கார்ந்தால், மணமக்களுக்கு ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவிக்கத்தான் கை போகும். இதற்கு மருந்து காபி என்று நான் பல வருஷமாக நம்பிவந்தேன். நம்பிக்கை எப்படி ஆட்டம் கண்டது என்பதைச் சொல்கிறேன்.

குளியல்

சாவு வீட்டுக்குப் போய்வந்தால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவோம். எங்கள் கடையிலும் அந்த ஆசாரம் உண்டு, தண்ணீருக்குப் பதில் காபி என்பது மட்டுமே வித்தியாசம். கண்ணீர் அஞ்சலிக்கு ஓகே சொன்னதும் எழுந்து, தெருவைத் தாண்டி, முருகேசன் டீக்கடையில் ஒரு காபி குடித்துவிட்டு வந்தால்தான் சுபகாரிய வேலையைத் தொடுவேன். இதற்குக் குளியல் என்று பெயர் வைத்தவள் ஜெசிந்தா. சார் எங்கே என்று யாராவது கேட்டால், குளிக்கப் போயிருக்கிறார் என்பாள். பட்டப்பகலில் அதைக் கேட்டவர்கள் கடைக்குப் பின்னால் கிணறு ஏதும் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்ததும் உண்டு.

முருகேசனுக்கு இந்த வழக்கம் தெரியும் என்பதால், பேப்பரில் வருவதற்கு முன்பே ஊர் நிலவரம் அவருக்குத் தெரிந்துவிடும். ஐப்பசி அடைமழை வயதானவர்களுக்கு ஆகாது. அப்படியொரு ஐப்பசி நாளில் மத்தியானத்துக்குள்ளேயே திரும்பத் திரும்பப் போய் அவர் கடை வாசலில் நின்றேன். காபியை உயர்த்தி ஆற்றிக்கொண்டே என் முகத்தை ஒருமுறை பார்த்தார்.

"என்ன சார், ஊர்ல யாராச்சும் மிச்சம் இருக்காங்களா?"

பஸ்ஸில் துண்டு போடுதல்

இப்படிக் குளித்துக் குளித்து நெஞ்சில் படபடப்பு வந்துவிட்டது. டாக்டரிடம் போவதற்கு முன்பு காபியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துத் தயாராகிக்கொண்டு போனேன். நோயாளி விவரம் தெரிந்தவனாக இருந்தால் டாக்டருக்கு உதவியாக இருக்கும் என்பது என் எண்ணம். டாக்டர்கள் யாரும் அப்படி எண்ணுவதில்லை.

அவரிடம் விளக்கினேன். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்றொரு பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது தனக்கான இடத்தில் வந்து உட்கார்ந்தால் நமக்குக் களைப்பு, தூக்கம். காபியில் இருக்கும் காஃபீன் என்ன செய்கிறது? பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. களைப்பு பிறகு ஏறிப் பார்க்கும், உட்கார இடமில்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வரும். அதனால்தான் சோர்ந்த தலையும் ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குத் தாவ முடிகிறது, ஆகவே என் தொழிலுக்குக் காபி ஒரு கருவி என்று முடித்தேன். அதுவரை ஸ்டெதஸ்கோப்பை என் மார்பிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தவர், ஒரு மாசத்துக்கு ஒரு சொட்டும் கூடாது என்று எழுதிக்கொடுத்தார். ஏன் என்று கேட்டதற்குத்தான் வாயைத் திறந்தார்.

"இம்புட்டு விவரமாச் சொல்றீங்க, பஸ்ஸோட இஞ்சின் உள்ள தடதடன்னு அடிக்குதே, அது உங்க காதுல விழலையா?"

மேல் வரிசை

காபியை நிறுத்தியதும் தலைவலி வந்தது. அது வரும் என்றும் படித்திருந்தேன். படித்திருந்ததால் வலி குறைந்துவிடவில்லை.

எங்கள் பக்கத்துக் காதணி விழா பேனரைப் பார்க்காதவர்களுக்காக ஒரு குறிப்பு. கீழ் வரிசையில் காது குத்தும் குழந்தைகள், பெற்றோர், கறுப்புக் கண்ணாடி போட்ட தாய்மாமன்கள். மேல் வரிசையில், மேகங்களுக்கு நடுவே, அந்தக் குடும்பத்தில் காலமானவர்கள். ஒவ்வொருவர் தலைக்குப் பின்னும் ஒரு ஒளிவட்டம், பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு'. யார் மேலே, யார் கீழே என்று குறிக்க வேண்டியது நான். தாடிக்கொம்பிலிருந்து ஒரு குடும்பத்தின் படங்கள் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தபோது, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரின் இரங்கல் போஸ்டரை அப்போதுதான் முடித்திருந்தேன். குளியல் கிடையாது. அடுத்த படத்தில் அதே போல வெள்ளைச் சட்டை, அதே போல நெற்றி நிறைய விபூதி, அடையாள அட்டைக்குப் பிடித்த அதே சிரிக்காத முகம். மேலே என்று குறித்தேன். ஓகேயும் சொன்னேன்.

அவர் பெயர் சிவனாண்டி. நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார். விழா அன்று காலையில் ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்திறங்கிய அவர் தங்கை, மண்டப வாசலில் பேனரைப் பார்த்துவிட்டு, தனக்குச் சொல்லியனுப்பாமல் விட்டுவிட்டார்களே என்று அங்கேயே உட்கார்ந்து அழத் தொடங்கினாராம். அழுகைச் சத்தம் கேட்டு, யாருக்கு என்ன ஆச்சு என்று பந்தியிலிருந்து இலைக்கட்டோடு வெளியே வந்தவர் சிவனாண்டி. போன் வந்ததும் அவர் படத்தையும் ஒரு துண்டு மேகத்தையும் ஸ்டிக்கராக அச்சடித்துக்கொண்டு ஓடினேன். ஏணியைப் பிடித்துக்கொண்டது அவரேதான். மேலே அவர் முகத்தின்மேல் மேகத்தை ஒட்டினேன், கீழே பேரன்களுக்குப் பக்கத்தில் அவரை ஒட்டினேன். மேல் வரிசையின் இந்தக் கோடியில் அவர் மனைவி பாப்பாத்தி, போய் நாலு வருஷம் ஆனவர். நான் சிவனாண்டியை வைத்திருந்தது அந்தக் கோடியில். எல்லாம் முடிந்து நான் இறங்கும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல வச்சது வச்சீங்க தம்பி, எம் பொண்டாட்டி பக்கத்துலயாச்சும் வச்சிருக்கலாம்ல."

தீர்ப்பு

எங்கள் முதலாளி பாலுச்சாமி கத்துகிறவர் அல்ல. மேசையைத் துடைத்தார், விசிறியின் வேகத்தைக் குறைத்தார், பிறகு தீர்ப்பைச் சொன்னார். சிவனாண்டிக்குத் தை மாசம் எண்பதாவது பிறந்தநாள் விருந்து வைக்கப் போகிறார்கள். அந்த பேனர் வேலை நம்மிடம் வந்து, பிசகில்லாமல் போய்ச் சேர்ந்தால் ஓகே சொல்லும் நாற்காலி எனக்கு. வராமல் போனாலோ, வந்து கெட்டாலோ, ஓகே ஜெசிந்தாவுக்கு. நான் வாசகம் எழுதினால் போதும்.

கேட்பதற்கு இது பெரிய தண்டனையாகத் தெரியாது. ஆனால் எழுதியதை முடிவாகப் பார்த்து அனுப்பும் உரிமை இல்லாத மேட்டர்காரன், உப்புப் பார்க்கக் கூடாது என்று சொல்லப்பட்ட சமையல்காரனைப் போன்றவன். ஊரில் ஒட்டியிருக்கும் போஸ்டர்களைப் பார்த்து 'இது நாம் விட்டது' என்று எனக்குள் சொல்லிக்கொண்டு நடப்பதுதான் இந்த வேலையில் எனக்கு இருக்கும் ஒரே ஆடம்பரம். ஜெசிந்தாவிடம், நாற்காலி உனக்கு வரப்போகிறது போல என்று கொஞ்சம் கசப்பாகவே சொன்னேன். அவள் மவுஸை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"எனக்கு வேணாம் சார். நல்லா இருந்தா டிசைன் பண்ண பிள்ளையப் பாராட்டுறாங்க, தப்பா இருந்தா ஓகே சொன்னவரத் திட்டுறாங்க. இந்த ஏற்பாடு நல்லாத்தான இருக்கு?"

கள்ளக் காபி

பயம் ஆளை எதையும் செய்யவைக்கும். டாக்டர் சொன்ன கெடு முடிவதற்கு முன்பே ஒரு நாள் காபி குடித்தேன். முருகேசன் கடையில் குடித்தால் ஜெசிந்தாவுக்குச் செய்தி போய்விடும் என்று மணிக்கூண்டுப் பக்கம் போய், வெறும் வயிற்றில், ஒன்றன்பின் ஒன்றாக. இழந்ததையெல்லாம் ஒரே நாளில் ஈடுகட்டுவதாக நினைப்பு.

தலை ஊசி மாதிரி கூர்மையாகிவிட்டது. ஆனால் ஊசிக்கு வளையத் தெரியாது. நத்தத்து மாந்தோப்புக்காரர் ஒருவர் மகள் கல்யாணப் பத்திரிகைக்கு மேட்டர் கொண்டுவந்திருந்தார். முகூர்த்த நேரத்துக்கு அவர் எழுதியிருந்த நட்சத்திரத்தைப் பார்த்தேன். வாக்கியப் பஞ்சாங்கப்படி அது சரி, திருக்கணிதப்படி அதற்குள் அடுத்த நட்சத்திரம் வந்துவிடுகிறது. அதைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பஞ்சாங்கங்களும் எங்கே பிரிந்தன, ஏன் பிரிந்தன என்று அவருக்குச் சொல்ல ஆரம்பித்து, வானத்தில் வெகுதூரம் போய்விட்டேன். மாதா கோயில் நோட்டீஸ்காரர் வந்து நின்றார், போனார். வளைகாப்புக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஜெசிந்தா என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். விழிப்பு வேறு, விட்டுவிட்டு அடுத்ததற்குத் திரும்புவது வேறு என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. காபி முதலாவதைக் கொடுக்கும். அளவு மீறினால் இரண்டாவதைப் பிடுங்கிக்கொள்ளும். மாந்தோப்புக்காரர் பொறுமையானவர், கடைசிவரை கேட்டார்.

"நட்சத்திரம் முன்னப்பின்ன இருந்தா ஐயர் பாத்துக்குவாரு சார். மாப்பிள்ளையோட பேரு மட்டும் மாறாமப் பாத்துக்கங்க."

ஒரு நாளைக்கு ஒன்று

நடந்ததை டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் கோபிக்காமல் இறங்கிவந்தார். படபடப்பு குறைந்திருப்பதால் ஒரு நாளைக்கு ஒரு காபி, சாயங்காலத்துக்குப் பிறகு கூடாது, கூடவே வாய்ச்சொல்லும் கொஞ்சம் குறைந்தால் நல்லது என்றார்.

அனுமதித்த அந்த ஒரு காபியை எப்போது குடிப்பது என்பது பெரிய யோசனையாகிவிட்டது. காலையில் குடித்தால் எல்லோரும் நினைப்பதுபோல் லாபம் முழுவதும் நமக்கு வராது என்று படித்திருந்தேன். தினமும் குடிக்கிறவனுக்குக் காலைக் காபி தரும் சுறுசுறுப்பில் ஒரு பங்கு, நேற்றைய காபி இறங்கிப்போனதால் விழுந்த பள்ளத்தை நிரப்புவதற்கே போய்விடுகிறது. அதனால் அதை ஒரு கண்ணீர் அஞ்சலிக்காகச் சேமித்துவைத்தேன். அன்று பார்த்து ஊரில் எல்லோரும் நலமாக இருந்தார்கள். காதணி வந்தது, கிரகப்பிரவேசம் வந்தது, ஒரு கட்சிக்காரருக்கு வாழ்த்து பேனர் வந்தது. பொழுது சாய்ந்துகொண்டே போக, நான் வாசலைப் பார்த்துப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். ஜெசிந்தா கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் பையை எடுத்தாள்.

"சார், உங்க காபி வீணாப் போகுதுங்கறதுக்காக யாரையும் சாகச் சொல்ல முடியாது."

எண்பது

தை பிறந்தது. சிவனாண்டியின் பேனர் எங்களிடமே வந்தது. அவர் மகன் படங்களை அனுப்பியிருந்தார், பெரியவரோ தானே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று நேரில் வந்துவிட்டார். அவர் வரும் செய்தி தெரிந்ததும் அன்றைய ஒரு காபியைக் காலையிலேயே குடித்து முடித்திருந்தேன். ஜெசிந்தா வேலையைத் தொடங்கியபோது வாசலில் ஒருவர் கண் சிவந்து நின்றார். வடமதுரையில் வாத்தியாராக இருந்த அவர் மைத்துனர் விடியற்காலையில் தவறிவிட்டார், போஸ்டர் உடனே வேண்டும். நான் பெரியவரைப் பார்த்தேன். என்னுடையது காத்திருக்கும், அவருடையதை முதலில் முடியுங்கள் என்று அவரே நகர்ந்து இடம் கொடுத்தார்.

அந்த வாத்தியாரைப் பற்றி வந்தவர் சொல்லச் சொல்ல எழுதினேன். போஸ்டர் அச்சுக்குப் போனபோது என் தலை வடமதுரையிலேயே இருந்தது. இடையில் ஜெசிந்தா பிறந்தநாள் பேனரை முடித்துத் திரையில் நிறுத்தியிருந்தாள். நடுவில் பட்டு வேட்டியில் பெரிதாகச் சிவனாண்டி, சுற்றிலும் பிள்ளைகள், பேரன் பேத்திகள், மேலே மேகங்கள். கல்லாவிலிருந்து முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். ஓகேவா சார் என்றாள். எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. சொல்வதற்கு வாயையும் திறந்துவிட்டேன். அப்போது பெரியவர், நீங்கள் குளிக்கப் போகவில்லையா என்று கேட்டார். வரும் வழியில் டீக்கடையில் முருகேசன் சொல்லியிருக்கிறார். இன்றைய பங்கு தீர்ந்துவிட்டது என்றேன். அதனால் என்ன, செத்த நேரம் வாங்க என்று கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிப்போனார்.

டீக்கடையில் சுக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். சுக்கு, மல்லி, கருப்பட்டி. பேரில்தான் காபி, அதில் காஃபீன் துளியும் இல்லை. குடித்துக்கொண்டே பாப்பாத்தியைப் பற்றிப் பேசினார். பெரியவருக்கு போட்டோ என்றாலே கூச்சமாம். எந்த விசேஷமானாலும் பாப்பாத்திதான் கையைப் பிடித்து இழுத்துவந்து தன் பக்கத்தில் நிறுத்திக்கொள்வாராம். டம்ளர் காலியானபோது வடமதுரை என்னை விட்டுப் போயிருந்தது. உண்மையான காபியானாலும் அது வயிற்றில் இறங்கி மூளைக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரமாகும். நானோ இத்தனை வருஷமும் முதல் மிடறிலேயே தெளிந்துவந்தவன். அந்தத் தெளிவில் பாதி, தெருவைக் கடந்து இன்னொரு மனிதர் முன்னால் போய் நின்றதால் வந்தது என்று முருகேசன் கடை வாசலில் நின்று கணக்குப் பார்த்தேன்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் கண் நேராகப் பாப்பாத்தியைத் தேடியது. மேல் வரிசையின் இந்தக் கோடியில் இருந்தார். அங்கிருந்து வரிசையோடு அப்படியே நகர்ந்தேன். அந்தக் கோடியில், ஒளிவட்டத்தோடு, வெள்ளைச் சட்டையில் சிவனாண்டி. கீழே எண்பதாவது பிறந்தநாள் கொண்டாடுகிறவர் மேலே தெய்வத்திருவாகவும் இருந்தார். நேரம் மிச்சம் பிடிக்க ஜெசிந்தா பழைய காதணி பேனர் ஃபைலையே திறந்து வேலை செய்திருக்கிறாள். அன்றைக்கு ஏணியில் ஏறி பேனரின் மேல் மேகத்தை ஒட்டினோமே தவிர, கம்ப்யூட்டர் ஃபைலில் ஒருவரும் திருத்தவில்லை. நான் விரலால் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலாளி எழுந்து வந்து பார்த்துவிட்டு, மெதுவாக மூச்சுவிட்டு, போய் உட்கார்ந்துகொண்டார். நாற்காலியைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

ஜெசிந்தா மேலே இருந்த படத்தை அழித்தாள். வரிசையில் ஓட்டை விழுந்தது. மற்றவர்களை நகர்த்தி இடைவெளியைச் சமமாக்கப் போனவளின் தோளுக்குப் பின்னாலிருந்து பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். பாப்பாத்திக்கும் அடுத்திருந்தவருக்கும் நடுவில் விரலை வைத்தார்.

"இங்கன கொஞ்சம் எடம் விட்டு வைம்மா. அவசரம் ஒண்ணும் இல்ல. வேற யாருக்கும் குடுத்துராம இருந்தாச் சரி."

ஆகவே சகபாடிகளே, காபி நம்மை எழுப்பிவிடும், ஆனால் எந்த வீட்டு வாசலில் நிற்கிறோம் என்று விசாரித்துக்கொண்டு உள்ளே போக வேண்டிய பொறுப்பை இதுவரை எந்தக் காபியும் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.